மெர்குரி சார் கேட்ட தலைமுடி

அடுத்தவர் தலைமுடிக்காகக் கும்பிடு போட்ட அரசாங்க அதிகாரி இந்தியாவிலேயே எங்கள் மெர்குரி சார் ஒருவர்தான். எழுபதுகளில் நான் பென்னாகரத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது என் அறையில் பங்குக்கு வந்து சேர்ந்தார். மறுநாளே என் சோப்பு டப்பாவில் ஒரு கெளுத்தி மீன் படுத்திருந்தது.

"சாம்பிள்! தொட்றாதீங்க!" என்று அலறினார்.

நாடு முழுக்க ஆறுகளில் பாதரசம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று டில்லியில் கணக்கெடுத்தார்களாம். ஆலைக் கழிவுக்குக் கடிவாளம் போட அந்தக் கணக்கு வேண்டும். எங்கள் பக்கத்துக் காவிரி இவர் பங்கு. ஊர்க்காரர்கள் காதில் விழுந்ததோ 'மெர்குரி' மட்டும்தான். "எங்க தெருவுக்கு எப்பங்க மெர்குரி லைட்டு போடுவீங்க?" என்று டீக்கடையில் மறிப்பார்கள். இவர் பாதரசத்தின் கொடுமையை விளக்கு விளக்கென்று விளக்குவார். டீ ஆறிப்போகும். கேட்டவர் கடைசியில், "அது செரிங்க, லைட்டு எப்ப?" என்பார்.

மீனோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பார். மீன் சாப்பிடுகிறவர்களின் தலைமுடியும் வேண்டுமாம். உடம்பில் சேர்ந்த பாதரசம் முடியில் தெரிந்துவிடுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோலோடு ஒகேனக்கல்லுக்குக் கிளம்பியவர், துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். மீன் வழியாக உடம்பில் விஷம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க முடி வேண்டும் என்று முதலில் கேட்டது பரிசல்காரர் மனைவி மாதம்மாவிடம்.

"பொம்பள முடிய எடுத்துட்டுப் போயி செய்வினை வெக்கப் பாக்கறயா?"

மாதம்மா போட்ட சத்தத்தில் பரிசல்காரர்கள் துடுப்போடு கூடிவிட்டார்கள். பஸ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

மெர்குரி சார் கத்தரிக்கோலை மாதம்மா கையில் கொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். "மொதல்ல நீங்க என் முடிய எடுத்து வெச்சுக்குங்கம்மா. உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, எனக்குத் திருப்பி செய்வினை வெச்சிருங்க."

அவர் தலையில் இருந்ததே கொஞ்சம். காதோரம் வளர்த்து, வழுக்கைக்குக் குறுக்கே எண்ணெய் தடவி ஒட்டி வைத்திருந்த சொத்து. மாதம்மா சரியாக அதில்தான் கை வைத்தாள். ஒரே வெட்டு! கூட்டம் சிரித்த சிரிப்பில் துடுப்புகள் கீழே விழுந்தன. அப்புறம் எல்லாரும் இதே பண்டமாற்றுக்கு வரிசை கட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் அவர் மண்டை வெள்ளாடு மேய்ந்த கொல்லை மாதிரி ஆகிவிட்டது. பையிலோ ஊர் முடி மொத்தமும்!

கிளம்பும்போது மாதம்மா வழிமறித்தாள். "எங்க ஒடம்புல வெசம் இருக்குதா, இல்லியான்னு வந்து சொல்லுவீங்களா? ரெண்டு புள்ளைங்களுக்கும் தெனம் மீனுதாங்க போடறேன்."

சாரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "வந்து சொல்றேம்மா."

கொஞ்ச நாளில் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனார். நாங்களும் மறந்துவிட்டோம். அடுத்த வருஷம் லீவு போட்டு ரயிலேறி வந்து நிற்கிறார், மனிதர்! என்னையும் கூட்டிக்கொண்டு நேரே மாதம்மா வீட்டுக்கு.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. புள்ளைங்களுக்குத் தாராளமா மீன் குடுங்க."

"இங்கதான் ஒண்ணும் இல்லியே, அப்ப டில்லிக்காரங்களுக்கு இதுல என்னங்க பிரயோசனம்?"

"எந்த ஆறு கெட்டுப் போச்சுன்னு சொல்லணும்னா, நல்லா இருக்கற ஆறும் தெரியணுமில்லம்மா?"

மாதம்மா உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்து, சோற்றுக்கு மேல் மீன் குழம்பை ஊற்றி, சாருக்குப் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள்.

எத்தனையோ அதிகாரிகள் எங்களை வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பதில் சொல்வதற்காகத் திரும்பி வந்தவர் மெர்குரி சார் ஒருவர்தான்.