இறக்கத்தில் கெட்டவன், ஏற்றத்தில் நல்லவன்

வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டியவர்களில், ஏன், எங்கள் காலேஜ் தமிழ்த் துறையையே சேர்த்துக்கொண்டாலும், ஒரு மனுஷனை முழுசாகக் குழப்புவதில் 'ரெண்டுபக்கம்' அண்ணனை மிஞ்ச ஆளில்லை. இன்றுவரை நான் எதிலும் ஒரு முடிவுக்கு வராமல் திரிகிறேன் என்றால், முழுப் பொறுப்பும் அவருக்குத்தான்.

எல்லாம் என் அரியரில் ஆரம்பித்தது. பி.ஏ. தமிழில் நாவல் பேப்பர்; இரண்டு முறை ஊத்திக்கொண்டது. மூன்றாவது முறையும் போனால் பி.எட். கிடையாது, மரவள்ளி மில்லில் மூட்டை தூக்கு என்று அப்பா சொல்லிவிட்டார். பாடம், ஒரு பழைய ஜமீன் நாவல். ஜமீனின் மணியக்காரர்தான் கதை சொல்கிறார். மலையிலிருந்து வந்த காவல்காரன் நெல் களஞ்சியத்துக்குத் தீ வைத்தான் என்று முதல் பக்கத்திலேயே தீர்ப்பு. மீதி முந்நூறு பக்கமும் வசவு.

சாயங்காலம் மலையேற ஆள் சேரும்வரை அண்ணன் ஜீப் அடிவாரத்து வடக்கனந்தலில் நிற்கும். காலேஜ் விட்டு மலைக்குத் திரும்புகிற நான் அதில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அதுதான் தப்பு.

"நிறுத்து தம்பி. தீ வெச்சத யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலணா."

"அப்புறம் எப்பிடி அவன்தான்றான்?"

"கண்ணு செவப்பா இருந்துச்சாம். மலைக்காரனாம்."

"எனக்கும்தான் கண்ணு செவப்பு. நானும் மலைக்காரன்தான். நான் இன்னாத்த கொளுத்தினேன்? அந்த மணியக்காரனுக்கும் இவனுக்கும் முன்னாடியே ஆவாதா? அத பாரு மொதல்ல."

பார்த்தேன். நாற்பதாம் பக்கத்தில், போகிற போக்கில், ஒரே ஒரு வரியில் அந்தப் பழைய பகை இருந்தது. இரண்டு பரீட்சையிலும் அதைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறேன்.

அன்றோடு நாவல் அவர் கைக்குப் போய்விட்டது. காலையில் மலை இறங்கும்போது மணியக்காரராக மூக்கால் பேசி, பயணிகளுக்குக் கதை சொல்வார். காவல்காரன் படுபாவி. சாயங்காலம் ஏறும்போது அதே கதையைக் காவல்காரனாகச் சொல்வார். குரல் உடைந்து, ஜீப்பே விசும்பும்.

"ஏண்ணா இப்பிடி பண்றீங்க?"

"கெட்டவன்னு சொல்ல இன்னா டைம் ஆவும்? எறக்கமே போதும். நல்லவன்னு புரிய வெக்கணும்னா ஃபர்ஸ்ட் கியர்ல மொத்த மலையும் ஏறணும் தம்பி."

சிக்கல் என்னவென்றால், மலை ஜனம் மூட்டையோடு காலையில் ஜீப்பில் இறங்கி, சாயங்காலம் பஸ்ஸில் ஏறும். வியாபாரிகள் சரக்கோடு ஜீப்பில் ஏறி, மறுநாள் பஸ்ஸில் இறங்குவார்கள். ஆளுக்கு ஒரு கதைதான் காதில் விழும். ஒருநாள் வெள்ளிமலை டீக்கடையில் அது வெடித்தது. ஒருபக்கம் தியாகதுருகத்துக் கருவாட்டு பாய். மறுபக்கம் மரவள்ளி விற்கிற அஞ்சலை அக்கா.

"காவக்காரன் தங்கமான புள்ளம்மா!"

"தங்கமா? நெல்லு எரிஞ்சத நீ வந்து பாத்தியா பாயி?"

"நீ பாத்தியா?"

"பாத்த மாதிரியே சொன்னாரு நம்ம டிரைவரு!"

"என்னாண்டயும் அவருதாம்மா சொன்னாரு!"

இரண்டு பேரும் சேர்ந்து திரும்பினார்கள். அண்ணன் டீயை நிதானமாக உறிஞ்சினார். "ரெண்டு பேரும் பாதி தூரம்தான் என் வண்டியில வந்துருக்கீங்க." அவருக்கு அந்தப் பெயர் விழுந்தது அன்றுதான்.

என் நிலைமை இதைவிட மோசம். நான் தினம் இரண்டு பக்கமும் போகிறவன். காலையில் காவல்காரனை அடிக்கலாம் போல இருக்கும். சாயங்காலம் அவன் காலில் விழலாம் போல இருக்கும்.

பரீட்சை ஹாலோ சமதரை. கேள்வி: காவல்காரனின் பண்பு நலன்களை ஆராய்க. 'நல்லவன்' என்று எழுதினேன். அடித்தேன். 'கெட்டவன்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். 'யார் சொல்வதைப் பொறுத்து' என்று ஆரம்பித்து, மேலே எப்படிப் போவது என்று தெரியாமல் பேனா மூடியைக் கடித்துத் தின்றேன். கடைசி இருபது நிமிஷத்தில் மில் மூட்டை கண் முன்னால் வந்து நின்றது. கைடில் இருந்ததை அப்படியே கொட்டினேன். கொடியவன், நன்றி கெட்டவன், சிவந்த கண்ணன். நான்கு பக்கம்.

பாஸ்.

ரிசல்ட் வந்த சாயங்காலம் வடக்கனந்தலுக்கு ஓடினேன். ஜீப் நிரம்பி, முன்சீட்டில் எனக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"பாஸ்ணா!"

"அது கெடக்கட்டும். காவக்காரன பத்தி கேட்டானா?"

"கேட்டான்."

"இன்னா எழுதின?"

பின்சீட்டிலிருந்து கருவாட்டு பாய் எட்டிப் பார்த்தார்.

"நல்லவன்னு எழுதினேண்ணா."

அண்ணன் ஹார்னை ஒரு நிமிஷம் விடாமல் அடித்தார். "கேட்டுக்கினீங்களா? இத்தினி வருஷமா மாட்டிக்கினு கெடந்தவன நம்ம தம்பி வெளிய கொண்டாந்துட்டான்!"

வழியெல்லாம் அவர் முகத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. அவரோ என் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, எல்லாக் கொண்டை ஊசி வளைவையும் ஒற்றைக் கையாலேயே ஒடித்தார். உயிர் போகிற பயம். ஆனாலும் அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.