கிரைண்டரில் கட்டிய தூளி

மதிப்பிற்குரிய சிறுவர் அறிவியல் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

குடவாசலில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அஹமது கபீர் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. தங்கள் பக்கம் அதற்கு வழிவைக்கவில்லை.

சென்ற மாதம் ‘ஒரு மோட்டார், பல சக்கரங்கள்’ என்று ஒரு செய்முறை போட்டிருந்தீர்கள். ஒரே மோட்டாரில் இரண்டு பெல்ட் மாட்டினால் அதன் சக்தியைப் பங்கிடலாம், சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும் என்றீர்கள். பொம்மை மோட்டாரில் செய்யவும் என்ற வரியை மட்டும் எட்டாவது படிக்கும் என் மகள் தஹ்மீனா படிக்கவில்லை. எங்கள் பழைய கிரைண்டரின் அடியில் இருக்கும் மோட்டாரில், தையல் மெஷின் பெல்ட்டுகளை ஒட்டுப்போட்டு மாட்டி, இரண்டு சைக்கிள் ரிம் வழியாகக் கொண்டுபோய், கடைசி ரிம்மின் விளிம்பில் ஒரு கயிற்றை மாட்டி, மறுமுனையைத் தம்பியின் தூளியில் கட்டிவிட்டாள். மாவும் அரைபட்டது, தூளியும் ஆடியது. பத்து மாதமாகப் பகலில் கண் மூடாத ஃபாஜில் அரை நிமிடத்தில் தூங்கிவிட்டான். அன்றைக்குத் தங்களை வாழ்த்தினேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து கிரைண்டர் ஓடினால்தான் தூங்குகிறான். மாவு அரைக்கும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தூளியை மட்டும் ஆட்டிப் பார்த்தோம், கல் உருளும் சத்தமும் வேணுமாம் அவனுக்கு, அலறிட்டான். கல்லை வெறுமனே ஓடவிட்டால் தேய்ந்துபோகும் என்று என் மனைவி லத்தீஃபா தினமும் அரிசி ஊறப்போடுகிறாள், நெல் விளையற ஊர்ல அரிசிக்கு என்ன குறைச்சல், உளுந்துக்கு நான் எங்கே போவேன், காலையில் இட்லி, மதியம் இட்லி, ராத்திரி தோசை, மிச்ச மாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் ஆளாளுக்குக் கதவைச் சாத்துகிறார்கள். பக்கத்து வீட்டு வேம்பு நேற்று ஜன்னல் வழியாகவே சொல்லிவிட்டார்: “பாய், முந்தாநாள் குடுத்த மாவே புளிச்சுப் பொங்கி வழியுது. மனசு வைங்க.”

இப்போது நாளை பள்ளியில் கண்காட்சி, கிரைண்டர் மூன்று நாள் அங்கேயே இருக்க வேண்டுமாம். முடியாது என்றேன், மகள் இட்லியைத் தொடாமல் படுத்துவிட்டாள், அதற்கு அவளைக் குறை சொல்லவும் முடியாது. சரி என்றேன், லத்தீஃபா ஒரே போடாகப் போட்டாள்: “அதைக் கொண்டுபோனா இவனையும் சேத்து வண்டியில ஏத்திவிடுங்க.” நானும் மதியம் கடையை மூடிவிட்டு வந்து ஒரு மணி நேரம் கண்ணயர்பவன். இனி அந்தப் பாக்கியமும் போச்சு.

தாங்கள் கிளப்பிவிட்டதைத் தாங்களே அடக்க வேண்டும். மோட்டார் இல்லாமல் குழந்தையைத் தூங்கவைக்க ஒரு செய்முறையை உடனே வெளியிடவும். தங்களுக்கும், தங்கள் அலுவலகத்தில் பிள்ளைகுட்டி உள்ளவர்களுக்கும் இறைவன் நிம்மதியான தூக்கத்தை அருள்வானாக.

இப்படிக்கு,
அஹமது கபீர்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது. கிரைண்டர் பள்ளிக்குப் போய்விட்டது. ஃபாஜில் பகல் பன்னிரண்டு மணிக்கே சத்தமில்லாமல் தூங்கிவிட்டான். நானும் லத்தீஃபாவும்தான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். செய்முறையைப் பெரியவர்களுக்கென்று மாற்றிப் போடவும்.