ஐம்பத்தெட்டாவது குறை

என் மனைவி தேவகிருபையை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னை வேலை ஏவிக்கொண்டிருந்தாள்.

"யோவ், பிளாஸ்க் மூடிய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியே. போயி எடுத்தா."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய். குரலுக்கு மட்டும் ஒரு நோயும் இல்லை.

"எடுத்தாறேன் கிருபை. அதுக்கு முன்னாடி அந்த அம்பத்தெட்டாவத மட்டும் சொல்லிடு."

"இன்னும் அதையே புடிச்சிகினு கீறியா?"

"இருபத்தேழு வருசமா கேக்கறேன்."

"மூடிய எடுத்துகினு வா. சொல்றேன்."

போனேன். மூடியோடு திரும்பினேன். அவள் இல்லை. அவள் ஏவிய வேலையை நான் தப்பில்லாமல் செய்து முடித்தது அந்த ஒரு தடவைதான். அதற்கும் பாராட்டு கிடைக்கவில்லை.

அது என்ன ஐம்பத்தெட்டு என்று கேட்பீர்கள். அதற்கு நான் தொண்ணூற்றாறாம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அப்போது நான் துறைமுகத்தில் கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணும் குமாஸ்தா. ஆபீஸில் தூக்கிப்போட இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை ராயபுரம் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ஒரு கடையில் புத்தகத்தை நின்றுகொண்டே படித்துக் கற்றுக்கொண்டேன். கிருபை அதைப் பார்த்த முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இத்தால எனுக்கு ஒரு பேஜாரு வந்துச்சின்னா, சாத்தாங்காட்டு இரும்புக் கடையில எடைக்குப் போட்டுருவேன். உன்னியும் சேத்து."

அதோடு மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. அதை டெலிபோன் ஒயரில் சொருகினால் நம் கம்ப்யூட்டர் இன்னொருவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போன் போடும். பெரம்பூரில் ரயில்வே பணிமனைக்காரர் உதயா என்பவர் தன் வீட்டில் அப்படி ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார். ஊர் அறிவிப்புப் பலகை மாதிரி. யார் வேண்டுமானாலும் கூப்பிட்டு உள்ளே போகலாம், சேதி எழுதலாம், கோப்புகளைக் கொடுக்கலாம், வாங்கலாம். ஒரு லைன்தான். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரைதான் பலகை திறந்திருக்கும். மற்ற நேரத்தில் அது அவர் வீட்டுச் சாதாரண போன்.

இது தெரிந்திருந்தும் ஒரு புதன்கிழமை காலை ஆர்வம் தாங்காமல் டயல் செய்துவிட்டேன். உதயாவின் மனைவி மகிழினி எடுத்தார். என் மோடம் அவர் காதில் கீ கீ என்று கத்தியது. அந்தப் பக்கம் அலறல். கிருபை என்னைத் தள்ளிவிட்டு, அதே நம்பருக்குத் தானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்க முக்கால் மணி நேரம் ஆனது. வைக்கும்போது, "சரிடி மகி, அப்பறம் பேசறேன்" என்றாள்.

அந்த 'டி'யைக் கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் சந்துக்கே எங்கள் வீட்டு டெலிபோன் ஒன்றுதான். ஏழு வருஷம் காத்திருந்து வாங்கியது. வந்த மறுநாளே சந்தில் எல்லோரும் எங்கள் நம்பரைத் தங்கள் நம்பராக ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டார்கள். கிருபைக்கு அதில் பெருமை. ஹாலில் ஒரு போன், அடுக்களையில் அதே லைனில் இன்னொன்று. எதிர்வீட்டு கௌசருக்குச் சவூதியில் தம்மாமிலிருந்து வீட்டுக்காரர் சௌக்கத் அலி ஞாயிறு நாலரைக்குக் கூப்பிடுவார். கௌசர் மூன்றரைக்கே வந்து அடுக்களையில் உட்கார்ந்துகொள்வாள். நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பாள். அவள் எடுத்தால் என் மோடம் செத்தது.

எனக்கு அந்த இரண்டு மணி நேரம் சும்மா கிடைக்கவில்லை. ஞாயிறு காலை நெத்திலி முழுக்க நான் ஆய்ந்து தர வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

கோப்பு அனுப்ப ஒரு நிரல் இருந்தது. கருப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். எஸ்-இசட் என்றால் அனுப்பு, ஆர்-இசட் என்றால் வாங்கு. பக்கத்தில் கோப்பின் பெயர். அந்த நிரலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பாதியில் அறுந்த கோப்பை மறுபடி வாங்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்காது. நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும். அதற்கு மேல் இருப்பதை மட்டும் வாங்கிப் பின்னால் ஒட்டும். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வதில் அதற்கும் கிருபைக்கும் வித்தியாசமே இல்லை.

உதயா ஒரு சட்டம் வைத்திருந்தார். இரண்டு கோப்பு வாங்கினால் ஒன்று கொடுக்க வேண்டும். நான் நிறைய வாங்கிவிட்டேன். கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பெயர்களை நாலு கோப்பாகத் தட்டி வைத்தேன். அதே இடத்தில் ஐந்தாவதாக ஒரு கோப்பும் இருந்தது. அதன் பெயர் குறை.

கல்யாணமான பத்தாம் வருஷ நாளில் கிருபையை எதிரே உட்காரவைத்து, மனதில் உள்ளதையெல்லாம் ஆண்பிள்ளையாகச் சொல்லிவிடுவது என்று ஒரு பெரிய தீர்மானம் எடுத்திருந்தேன். அந்த நாள் வந்தது. கேக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேன். மனதில் உள்ளது எங்காவது போக வேண்டுமே. கம்ப்யூட்டரில் போயிற்று. இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகத் தட்டிய முப்பத்தொரு குறைகள். இரண்டு மூன்றைச் சொல்கிறேன்.

"ஏழு: என் சட்டைகளைப் பழசு என்று பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டு, அதற்கு வாங்கிய கிண்ணத்தில் எனக்கே கஞ்சி ஊற்றுகிறாள்."

"பதினாலு: நான் பேசும்போது குறுக்கே பேசுகிறாள். நான் பேசாதபோதும் குறுக்கே பேசுகிறாள்."

"இருபத்திரண்டு: வஞ்சிரத்தின் நடுத்துண்டு கண்ணால் பார்த்திருக்கிறேன். வாயால் பார்த்ததில்லை."

அந்த ஞாயிறு நாலு கோப்பின் பெயரையும் தனித்தனியாகத் தட்டச் சோம்பல்பட்டேன். எஸ்-இசட், ஸ்டார் டாட் ஸ்டார் என்று தட்டினேன். எல்லாவற்றையும் அனுப்பு என்று அர்த்தம். அது சொன்னபடி செய்யும் சாதி. எல்லாவற்றையும் அனுப்பியது. ஐந்தாவது பெயர் திரையில் ஓடியபோதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தும் பொத்தானைத் தேடுவதற்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் எழுத்தும் பெரம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது. எட்டு விநாடி. பத்து வருஷம் வாயைத் திறக்காதவன் எட்டு விநாடியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஊருக்கு.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் துறைமுக வாசல் டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். மகிழினிதான் எடுத்தார்.

"மேடம், நான் ஜெரி பேசறேன். ராயபுரம். பலகையில ஒரு கோப்ப அழிக்கணும்."

"எந்தக் கோப்பு சார்?"

"கு... குறைன்னு..."

"ஓ, அந்த முப்பத்தொண்ணா! நேத்தே பதினோரு பேரு எடுத்துட்டாங்க சார். எங்க வீட்டுக்காரரு சிரிச்சிச் சிரிச்சி நாற்காலியிலேர்ந்து விழுந்துட்டாரு."

"மேடம், அது சும்மா ஒரு கற்பனை..."

"பதினாலாவது ரொம்ப அநியாயம் சார்."

"தயவு செஞ்சு அழிச்சிடுங்க. என் வொய்ஃப் கண்ணுல பட்டா, கம்ப்யூட்டரும் நானும் ஒரே தராசுல சாத்தாங்காட்டுல கெடப்போம்."

"எனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும் சார். அழிக்கிறது அவருதான். வர்ற ஞாயிறு பலகைய மூடும்போது சொல்றேன்."

அந்த ஆறு நாளும் நான் பட்ட பாடு! கிருபையைப் பார்த்தாலே வேர்த்தது. கேட்காமலே தண்ணீர் பிடித்து வைத்தேன். சிலிண்டர் தூக்கினேன். அவள் பேசும்போது குறுக்கே பேசவில்லை. பேசாதபோதும் பேசவில்லை. வியாழக்கிழமை தட்டில் ஒரு வஞ்சிர நடுத்துண்டு வந்து விழுந்தது.

"இன்னாத்துக்கு இது?"

"சும்மா துன்னு. வாயால பாரு."

வாயால் பார்ப்பது என் இருபத்திரண்டாவது குறையில் உள்ள வார்த்தை. ஆனாலும் மனம் ஒரு சமாதானம் சொன்னது. இவளுக்கு எஸ்-இசட் தெரியாது, ஆர்-இசட் தெரியாது, மோடத்தைக் கண்டால் எலிப்பொறி என்பாள். இவள் எப்படிப் படித்திருக்க முடியும்?

ஞாயிறு வந்தது. அன்றைக்குப் பலகையில் கூட்டம். ஒரு லைனில் இடம் கிடைக்க மூன்றரை ஆகிவிட்டது. கோப்புப் பட்டியலைப் பார்த்தேன். குறை இன்னும் இருந்தது. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் எழுத்து இருந்த கோப்பு ஐயாயிரத்து நாற்பதாக ஊதியிருந்தது. ஒரு வாரத்தில் அதற்கு யார் சாப்பாடு போட்டது?

ஆர்-இசட் தட்டினேன். நிரல் என்னிடம் இருந்ததைப் பார்த்தது. என் முப்பத்தொன்றை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேல் இருந்ததை மட்டும் வாங்கிப் பின்னால் ஒட்டத் தொடங்கியது. பதின்மூன்று விநாடி. முடிகிற நேரத்தில் அடுக்களையில் கௌசர் போனைத் தூக்கினாள்.

"ஹலோ! ஹலோ! அக்கா, இன்னாக்கா போன்ல மழை பேயுது!"

திரையில் எறும்புக் கூட்டம் மாதிரிக் கண்ட கண்ட எழுத்துகள். லைன் போயிற்று. கோப்பைத் திறந்தேன்.

"முப்பத்திரண்டு: மொதல்ல எண்ணக் கத்துக்கோ. பத்தொம்பது ரெண்டு தபா கீது. மூட்டை எண்றதும் இப்டித்தானா?"

"முப்பத்து மூணு: கல்யாணத்துக்கு முந்தி, எனுக்கு மீன் தலைதான் உசுருன்னு சொன்னது யாரு? பத்து வருசமா தலைய எனுக்குன்னு எடுக்காம குட்த்துகினு கீறேன்."

"முப்பத்து நாலு: தூக்கத்துல மேரி, எலிசபெத்துன்னு பொலம்பறான். கேட்டா கப்பலுன்றான்."

இப்படியே போயிற்று. நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. ஒவ்வொன்றும் என் மண்டையில் ஒரு குட்டு. கடைசியில் இது இருந்தது.

"ஐம்பத்தெட்டு: இருந்தாலும் இந்த ஆளு"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெறும் கருப்பு.

பின்னால் யாரோ நின்றார்கள். திரும்பினேன். கிருபை, கையில் காபி.

"இன்னாய்யா, மூஞ்சி பேய் அறைஞ்ச மாறி கீது?"

"நீ... நீ எப்போ மோடம் கத்துகினே?"

"எனுக்கு எதுக்கு மோடமு? போன எடுத்தேன். மகி படிச்சிக் காட்டுனா. நான் சொன்னேன், அவ டைப் அடிச்சா. வாயிதான் கீதே."

நான் காபியை வாங்கினேன். வேறென்ன செய்ய?

"கம்ப்யூட்டர சாத்தாங்காட்டுக்கு...?"

"கெடக்கட்டும். எனுக்கும் பொழுது போச்சு."

உயிர் வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை.

"கிருபை, அம்பத்தெட்டுல லைன் கட்டாயிடுச்சி. இருந்தாலும் இந்த ஆளுன்னு நிக்கிது. அப்பறம் இன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு விநாடி யோசித்தாள். என் இருபத்தேழு வருஷம் அந்த ஒரு விநாடியில்தான் போயிற்று.

"கட்டாயிட்ச்சா? அடப்பாவமே. நல்ல எடமாச்சே அது."

"சொல்லேன்."

"சொல்றேன். மொதல்ல நெத்திலிய ஆஞ்சி குடு."

"காலையிலயே ஆஞ்சிட்டேனே!"

"நாளைக்கும் நெத்திலிதான்."

மிச்சத்தை அடுத்த ஞாயிறு பலகையிலிருந்தே வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். எனக்குத்தான் விட்ட இடத்திலிருந்து தொடரும் நிரல் இருக்கிறதே. இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். கோப்பு இல்லை. நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டபடியே உதயா அழித்திருந்தார். மகிழினியிடம் கேட்கலாம்தான். என் முப்பத்தொன்றையும் படித்தவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? அந்த மாதமே உதயாவுக்கு வடக்கே மாற்றல். பலகையும் போயிற்று.

பிறகு கிருபைதான் ஒரே வழி. இந்த ஜன்னலுக்குப் பெயின்ட் அடி, சொல்றேன். எங்க அண்ணன் வூட்டுக் கல்யாணத்துக்கு வா, சொல்றேன். பீடிய வுடு, சொல்றேன். பீடியை விட்டேன். அவள் சொல்லவில்லை. இருந்தாலும் இந்த ஆளு நல்லவன் என்றிருக்குமா? மோசமில்லை என்றாவது? மூட்டை எண்ணும்போதெல்லாம் அதை முடித்து முடித்துப் பார்ப்பேன். கம்ப்யூட்டர் வயதாகிச் செத்தது. நானே அதைச் சாத்தாங்காட்டில் எடைக்குப் போட்டேன். கோப்பை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி மாற்றிக் காப்பாற்றி வந்தேன்.

அவள் போன முப்பதாம் நாள் ஜெபத்துக்கு மகிழினி வந்தார். தலை நரைத்திருந்தது. இத்தனை வருஷமும் இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்களாம். இனி எனக்கு என்ன வெட்கம். கேட்டே விட்டேன்.

"மேடம், அந்த அம்பத்தெட்டு. இருந்தாலும் இந்த ஆளு... அதுக்கப்பறம் அவ இன்னா சொன்னா? லைன் கட்டாயி எனக்கு வரல."

மகிழினி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கட்டாகல சார். அக்கா 'இருந்தாலும் இந்த ஆளு'ன்னு சொன்னாங்க. ஒடனே, 'ஐயோ பால் பொங்குது, இரு மகி'ன்னு ஓடினாங்க. திரும்பி வந்து 'எங்க வுட்டேன்?'னு கேட்டாங்க. படிச்சுக் காட்டினேன். 'போதும், அப்டியே வுட்டுடு'ன்னாங்க."

"அப்போ மீதி?"

"மீதின்னு ஒண்ணு இல்லையே சார்."

கௌசர் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். குடித்தேன்.

கோப்பு பென் டிரைவில் இருக்கிறது. அன்று பலகையில் பார்த்த அளவோடு ஒத்துப் பார்த்தேன். ஐயாயிரத்து நாற்பது எழுத்து. என்னுடையது ஆயிரத்துத் தொள்ளாயிரம், மற்றது அவளுடையது. முழுசாகத்தான் வந்திருக்கிறது.