தடியங்காய் உடைத்ததற்குப் போலீஸ் வந்த கதை

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுதினால் வரி மேலே ஏறும், கீழே இறங்கும். முதலில் சொல்ல வேண்டியதை மறந்துவிட்டு நடுவில் வந்து சொல்வேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள். பேசச் சொன்னால் இந்த அளவுகூட வராது. பந்தியில் பக்கத்து இலைவரைக்கும் பாயசம் வந்து திரும்பிப் போனாலும், "எனக்கு வரலையே" என்று கேட்காமல் எழுந்து வந்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் இருந்த வீட்டு வாசலில் துபாய் போலீஸ் வண்டி வந்து நின்றது. ஒரு தடவை இல்லை. (ஒரு தடவைன்னா நான் எதுக்கு எழுதப்போறேன்?)

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். என் மகள் செல்விக்குத் தலைப்பிரசவம். ஊருக்கு வா என்று கூப்பிட்டால், இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், நீ வா என்று விசிட் விசா எடுத்து அனுப்பிவிட்டாள். தென்காசியிலிருந்து மதுரை தாண்டிப் போகாத நான் கடல் தாண்டிப் போய் இறங்கினேன்.

அவர்கள் இருந்தது ஒரு பழைய வில்லா. வீட்டுக்காரரை எல்லோரும் அர்பாப் என்றுதான் சொல்வார்கள், நம் ஊரில் முதலாளி என்கிற மாதிரி. மாப்பிள்ளையின் கம்பெனிக்குத் தெரிந்தவர் என்பதால் வாடகை குறைவு. வாசலுக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, சிவப்புக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. திருடன் வந்தால் கத்துகிற அலாரமாம். கத்தினால் எங்கேயோ ஒரு ஆபீசில் விளக்கு எரிந்து, அங்கிருந்து போலீசுக்குச் சொல்லிவிடுவார்களாம்.

அதை வைப்பதற்கு வண்டிக்கு லைசென்ஸ் மாதிரி ஒரு பெர்மிட் உண்டு. அர்பாப் பேரில் இருந்தது. போலீஸ் வந்து பார்த்துத் திருடன் இல்லையென்றால், சும்மா கூப்பிட்டதாகக் கணக்கு. முதல் தடவை சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டாம் தடவை கோபமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குமேல் அபராதம், பெர்மிட்டும் பறிபோகும். நம் ஊரில் திருடன் காலையில் வந்து போனால் போலீஸ் வரச் சாயங்காலம் ஆகும். அங்கே திருடன் வராமல் போனதற்கு அபராதம். எனக்கு இது புரியவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் நின்று பேசுவது மரியாதை இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று செல்வியிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். அவர் பதில் சொன்னால் அது என் காதில் நேராகவே விழும். ஆனாலும் செல்வி திருப்பிச் சொன்ன பிறகுதான் கேட்டதாக வைத்துக்கொள்வேன். "நடுவுல நான் ஒரு டெலிபோன் கம்பியா?" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

முதல் தடவை அலாரம் கத்தியது விளக்கு வைக்கிற நேரத்தில். கொல்லைக் கதவைச் சாத்தி வாசல் கதவைத் திறந்து வைத்தால்தானே லட்சுமி உள்ளே வருவாள்? திறந்தேன். போலீஸ் வந்தது. இரண்டாம் தடவை விடியற்காலையில் கோலம் போடத் திறந்தேன். மறுபடியும் வந்தது, வேறு போலீஸ். கோலத்தை மிதிக்காமல் தாண்டி வந்த நல்ல மனுஷர். நான் இரண்டு தடவையும் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே அர்பாப் வந்துவிட்டார். வெள்ளை உடுப்பு, உயரமான ஆள், சத்தம் போடவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இன்னொரு தடவை கத்தினால் கலாஸ், சாவியைக் கொடுத்துவிடு என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனார். கலாஸ் என்றால் முடிந்தது என்று அர்த்தமாம். அவர் கையை உதறின விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

செல்வி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "இந்த வாடகைக்கு வேற வீடு கெடைக்காதும்மா. அவுக ஏதாவது ரூம்ல பெட்ஸ்பேஸ்னு ஒத்தக் கட்டில மட்டும் வாடகைக்கு எடுத்து இருந்துக்கிடுவாக. நானும் புள்ளையும் ஊருக்கு வரவேண்டியதுதான். அப்பன் முகத்தப் பாக்காமலே புள்ள வளரணும்" என்றாள். அதற்குப் பிறகு வாசல் கதவைப் பார்த்தாலே இரண்டடி தள்ளித்தான் நடந்தேன். லட்சுமி வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

செல்வி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். வீட்டில் நானும் மாப்பிள்ளையும். நடுவில் டெலிபோன் கம்பி இல்லை. அவர் ஃபிரிட்ஜைப் பார்த்து, "யாராச்சும் கதவத் தொறக்கணும்னா, முதல்ல பெட்டியில நாலு நம்பர அமுக்கணும்" என்பார். நான் கேஸ் அடுப்பைப் பார்த்து "சரி" என்பேன். நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டேன். பாத்திரம் தேய்த்து அழிந்தால் மறுபடி எழுதினேன்.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வருகிற அன்று திருஷ்டி கழிக்க ஒரு தடியங்காய் வேண்டும் என்று (சாம்பல் பூசணியத்தான் எங்க ஊர்ல தடியங்காய்ம்போம்) செல்வியிடம் போனில் சொன்னேன். அவள் குழந்தை மயக்கத்தில் மாப்பிள்ளையிடம், "அம்மாவுக்குத் தடியங்காய் வேணுமாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் கூட்டு வைக்க என்று நினைத்து நல்ல பெரிதாக வாங்கிவந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைத்துவிட்டார். எதற்கு என்று அவரும் என்னைக் கேட்க முடியாது. உடைக்கலாமா என்று நானும் அவரைக் கேட்க முடியாது.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் உள்ளங்கையைப் பார்த்து நாலு நம்பரையும் அமுக்கினேன். சிவப்புக் கண் பச்சையானது. கதவைத் திறந்தேன். சத்தமே இல்லை. எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, கலெக்டர் பரீட்சை எழுதிப் பாஸானவள் மாதிரி நின்றேன்.

ஆரத்தி எடுத்தேன். தடியங்காயில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, கைப்பிடி சில்லறைக் காசையும் போட்டு வைத்திருந்தேன். மேலே சூடம் ஏற்றித் தாய்க்கும் பிள்ளைக்கும் சுற்றினேன். ஊரில் என்றால் முச்சந்தியில் போய் உடைப்போம். அங்கே முச்சந்திக்கு எங்கே போக? தலைக்குமேல் தூக்கி, பளிங்குப் படியில் இருக்கிற பலம் எல்லாம் சேர்த்துப் போட்டேன்.

தொம். அப்புறம் காசெல்லாம் சிதறிச் சலங்சலங் என்று உருண்டது. அடுத்த நொடி அலாரம் வீடே இடிகிற மாதிரி அலறியது.

கதவுக்கு ஒரு கம்பி, ஜன்னலுக்கு ஒரு கம்பி இருப்பதுபோல அந்தப் பெட்டிக்குக் காதும் உண்டாம். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டால், நம்பர் அமுக்கியிருந்தாலும் கத்துமாம். முதலில் தொம், பிறகு சலங். பெட்டி என்ன நினைத்திருக்கும்? யாரோ ஜன்னலை உடைத்துவிட்டான் என்று நினைத்திருக்கும். அதன் மேலும் குற்றமில்லை.

மாப்பிள்ளையின் இரண்டு கையிலும் குழந்தை. அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அத்தை, நம்பர அமுக்குங்க" என்றார். எனக்கு அலாரத்தைவிட அதுதான் பெரிய அதிர்ச்சி. அந்த நேரத்திலும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஓடினேன். உள்ளங்கையைப் பார்த்தால் முழுக்கக் குங்குமம். எந்த நம்பர் என்று யார் கண்டது? கைக்கு வந்ததையெல்லாம் அமுக்கினேன். பெட்டி முழுக்கச் சிவப்பு விரல் ரேகை.

போலீஸ் வந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். படியெல்லாம் சிவப்புத் தண்ணீர். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் தெறித்த சிவப்பு. சுவர்ப் பெட்டியில் சிவப்புக் கை. தரையில் கத்தி, ஓட்டை போட்டது. உள்ளே இருந்து பச்சைக் குழந்தையின் அழுகை. வந்த அதிகாரி சின்னப் பையன், மீசை அரும்பின வயசு. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அடிபட்டது யார் என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை ஆங்கிலத்தில், ஒரு காய்கறிதான் அடிபட்டது என்று பதில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு அவர் இன்னும் பயந்துபோய் இன்னொரு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்.

கத்தியைப் பிடித்த ஆளைக் காட்டு என்றதும் வேறு வழியில்லாமல் குளியலறைக் கதவைத் தட்டினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து செல்விதான் என்னை முன்னால் நிறுத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. குழந்தையைக் காட்டினேன், என் கண்ணைக் காட்டினேன், வெளியே தெருவைக் காட்டினேன், தலையைச் சுற்றிக் கீழே போடுகிற மாதிரி செய்து காட்டினேன். அதிகாரியின் முகம் மாறியது. "ஐன்?" என்றார். அவர்கள் பேச்சில் அது கண்ணுக்கும் பேர், கண்பட்டதற்கும் பேராம். செல்வி தலையாட்டினாள். அவர் குழந்தையை எட்டிப் பார்த்து "மாஷா அல்லா" என்று சொல்லிவிட்டு, ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று அபராதம் எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் அர்பாப் வந்தார். சாவி வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை வெளியே கார் நிற்கிற இடத்திலேயே அவரை நிறுத்திக் கெஞ்சிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளே பயத்தில், ஆள் வந்துபோகிற வாசல் கதவைத் தவிர ஜன்னல் எல்லாவற்றுக்கும் அலாரத்தைப் போட்டு வைத்திருந்தோம். அர்பாபோடு அவருடைய அம்மாவும் வந்திருந்தாள். கண்பட்ட குழந்தை என்று கேள்விப்பட்டு, புகைச்சட்டியும் கங்கும் வாசனைத்தூளும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என் வயசுதான் இருக்கும். முகத்தில் தங்க நிறத்தில் ஒரு மூடி.

அவள் அரபியில் பேசினாள், நான் தமிழில் பேசினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வாழ்நாளில் வெட்கப்படாமல் நான் பேசின முதல் வெளியாள் அவள்தான். ஒரு வார்த்தையும் புரியாது என்கிற தைரியம். மாப்பிள்ளையைப் பற்றி, வீட்டைப் பற்றி, என் மகள் ஊருக்கு வந்துவிட்டால் இந்தப் பிள்ளை அப்பன் முகம் பார்க்காதே என்பது பற்றி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவளும் எதற்கோ அழுதாள். (மருமக பத்தியா இருக்கும்.)

தூளை ஒரு பிடி அள்ளிக் கங்கில் போட்டாள். அறையெல்லாம் புகை. குழந்தை தும்மியது. நான் மூஞ்சிக்கு முன்னால் கையை வீசினேன். அவள் எழுந்து போய், ஒரே தள்ளு, ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அலாரம் கத்தியது.

அர்பாப் செருப்போடு உள்ளே ஓடிவந்தார். புகைக்கு நடுவில் அவருடைய அம்மா ஜன்னலில் கை வைத்தபடி நிற்கிறாள். அவர் திறந்த வாயை மூடவில்லை. போலீஸ் வந்தது, அதே சின்னப் பையன். யார் திறந்தது என்று கேட்டார். அந்தப் பெரியம்மா, நான்தான் என்று நெஞ்சில் தட்டிக் காட்டிவிட்டு, மகனைப் பார்த்து நாலே நாலு வார்த்தை சொன்னாள். என்ன சொன்னாளோ, அர்பாப் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு அபராதத்தையும் தானே கட்டுவதாக ஒத்துக்கொண்டார். அம்மா செய்ததற்கு வாடகைக்காரனை எப்படி வெளியே போகச் சொல்வார்? சாவிப் பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

பெர்மிட் போய்விட்டது. ஆள் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனான். அந்த இடத்தில் சுவரில் இருந்த அழுக்குச் சதுரத்தை மறைக்கச் செல்வி ஒரு தினசரி காலண்டரை மாட்டினாள். பேத்தி பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள், அப்பனும் பிள்ளையுமாக.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஹோமம் நடக்கக்கூடாது. புகை வந்து நான் கையை வீசினால் போதும், பேத்தி "ஆச்சி சிக்னல் குடுத்துட்டா, ஜன்னல் பக்கம் யாரும் போகாதீங்க" என்று கத்துகிறாள். மாப்பிள்ளை இன்றைக்கும் ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான், "அன்னைக்குக் கை ஜன்னலப் பாத்து நீண்டதாமே" என்கிறார். அவர் வெளியே காருக்குப் பக்கத்தில் நின்றவர், அவருக்கு என்ன தெரியும்? நான் புகையைத்தான் விலக்கினேன். ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால் நான் என்ன செய்வது?

அபராதம் மூன்றாம் தடவையிலிருந்தா, நான்காம் தடவையிலிருந்தா, பெர்மிட் கொடுப்பது எந்த ஆபீஸ் என்பதெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பெரியம்மா நல்லபடியாக இருக்கிறாளா என்றும் விசாரியுங்கள். ஜன்னல் விஷயத்தை அவளிடம் கேட்டு, அவள் என்ன சொல்கிறாளோ அதை எனக்கு மட்டும் சொல்லுங்கள்.