ஆட்சி அமைத்த கடைவாய்ப் பல்

"இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்க ஐயா," என்றார் பல் டாக்டரம்மா.

பூட்டுக் கட்சித் தலைவர் திறந்தார். எப்போது திறக்கும் என்று இருபத்திரண்டு நாளாக மாகாணமே காத்துக் கிடந்த வாய் அது.

சட்டசபையில் மொத்தம் நூற்றொரு இடங்கள். சீப்புக் கட்சிக்கு நாற்பத்தெட்டு, வாளிக் கட்சிக்கு நாற்பத்தாறு. மிச்சம் ஏழும் பூட்டுக் கட்சிக்கு. ஆட்சி அமைக்க ஐம்பத்தொன்று வேண்டும். இந்த ஏழு பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம்தான் அரசாங்கம். ஆனால் தலைவரோ, "யோசிச்சுச் சொல்றேன்" என்பதற்கு மேல் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பொறுத்துப் பார்த்த ஆளுநர், இன்று மாலை ஐந்து மணிக்குள் பெரும்பான்மைக் கடிதம் வராவிட்டால் மறுபடியும் தேர்தல் என்று அறிவித்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட நாளில், மதியம் இரண்டு மணிக்கு, தலைவருக்குக் கடைவாய்ப் பல் வலி வந்துவிட்டது.

டாக்டரம்மாவுக்கு அரசியலில் பெரிய அக்கறை கிடையாது. வெளியே நாற்காலிகளில் காத்திருப்பவர்களைப் பற்றித்தான் கவலை. அதில் ஒருத்தி செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். வலது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. அவள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பல் பார்க்கும் நாற்காலி உண்டு, டாக்டர்தான் இல்லை. ஆறு வருஷமாக அந்த நாற்காலியில் வாட்ச்மேன் சாய்ந்து தூங்குகிறார்.

"ஐயாவை அனுப்பிட்டு உடனே உன்னைப் பார்க்கிறேன்," என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் டாக்டரம்மா உள்ளே வந்திருந்தார்.

நர்ஸக்கா ஊசியைத் தயார் செய்து நீட்டினார். இருபது வருஷமாக இதே கிளினிக்கில் இருப்பவர். கையும் நடுங்காது, வாயும் அதிகம் பேசாது. டாக்டரம்மா ஈறில் ஊசியைப் போட்டார்.

"மரத்துப் போச்சா ஐயா?"

"ஆஅ," என்றார் தலைவர். நாக்கு ஒரு பக்கமாகத் துவண்டு தொங்கியது.

"நாக்கு அசையுதா? ஏதாவது பேசுங்க பார்ப்போம்."

"ஊம்."

டாக்டரம்மா குனிந்து வாய்க்குள் பார்த்தார். இந்த ஊசிக்குப் பேச்சு கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். இப்படி அடியோடு நின்றுபோய் அவர் பார்த்ததில்லை. ஏதாவது நரம்பில் பட்டுவிட்டதா?

கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது. சீப்புக் கட்சித் தலைவர் நின்றார். அவர் தலையில் சீப்புக்கு வேலையில்லாமல் போய்ப் பல வருஷமாகிறது. இருந்தாலும் சட்டைப் பையில் ஒன்று எப்போதும் இருக்கும்.

"அண்ணே! உங்களை எங்கெல்லாம் தேடறது? எங்களுக்குத்தான் ஆதரவுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

"ஊம்," என்றார் தலைவர்.

"ஊம்னுட்டார்!" சீப்புக்காரர் வாசலுக்கு ஓடினார். அங்கே டிவி கேமராக்கள் ஏற்கெனவே வந்து நின்றிருந்தன.

"சார், அவருக்கு வாய் மரத்துப் போயிருக்கு, அது 'ஊம்' இல்ல..." என்று டாக்டரம்மா பின்னாலேயே ஓடினார். யார் கேட்டார்கள்?

ஐந்தாவது நிமிஷம் வாளிக் கட்சித் தலைவி வந்து இறங்கினார்.

"என்னண்ணே இது, அவங்களுக்கா ஆதரவு?"

"ஊஹும்."

"இல்லைங்கிறார்! கேட்டுக்குங்க எல்லாரும்!" அவரும் வாசலுக்குப் போனார்.

டாக்டரம்மாவின் போன் அடித்தது. கணவர்.

"டிவியில நம்ம கிளினிக்கைக் காட்டுறான். ரெண்டு கட்சியும் ஆட்சி அமைச்சாச்சுன்னு சொல்லுது. நீ என்ன பண்ணினே?"

"ஒரு ஊசி போட்டேன்."

"யாருக்கு?"

"அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார்.

தெருவில் இரண்டு கட்சித் தொண்டர்களும் திரண்டுவிட்டார்கள். 'பூட்டுக் கட்சிக்கு வாய்ப்பூட்டு! டாக்டர் எந்தக் கட்சி?' என்று கோஷம் கிளம்பியது. வாசலில் இருந்த பூந்தொட்டி ஒன்று உடையும் சத்தம் கேட்டது. ஐந்து மணிக்குள் இவர் தெளிவாக ஒன்று சொல்லாவிட்டால், அடுத்து உடையப்போவது என்னவென்று டாக்டரம்மாவுக்குப் புரிந்தது.

இரண்டு கட்சித் தலைவர்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பூட்டுக் கட்சித் தலைவர் கையில் பேனாவும் தாளும் கொடுத்தார்.

"பேச வேண்டாம் ஐயா. மனசுல இருக்கிறதை எழுதிக் காட்டுங்க."

தலைவர் எழுதினார்: 'நீர்.'

"தண்ணி கேட்கிறார்," என்று டாக்டரம்மா தம்ளரை எடுத்தார்.

"நீர்ப்பாசனத் துறை!" என்றார் சீப்புக்காரர். "கொடுத்துட்டேன்!"

"நாங்களும் தர்றோம்," என்றார் வாளித் தலைவி. "அணையோட சேர்த்து."

நல்லதுக்குச் செய்தது இப்படிப் போகிறதே என்று டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். முதலில் நரம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஈறை லேசாக அழுத்தி, "வலி பத்துக்கு எத்தனை ஐயா? விரலால காட்டுங்க," என்றார்.

தலைவர் மூன்று விரல் காட்டினார்.

"மூணு மந்திரி!" என்றார் சீப்புக்காரர் பெருமூச்சோடு. "சரி, மூணு."

"ஐயோ, அது வலி சார்." டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் பின்னால் அழுத்தினார். "இங்கே?"

நான்கு விரல்.

"டாக்டரம்மா, தயவுசெஞ்சு அழுத்தாதீங்க!" என்று சீப்புக்காரர் கும்பிட்டார். "நாலோட நிறுத்திக்குங்க!"

தலைவர் இப்போது கட்டைவிரலை உயர்த்தி மேலே மேலே என்று காட்டினார். நாற்காலியை உயர்த்தச் சொல்கிறார் என்று டாக்டரம்மா காலால் மிதியை அழுத்தினார். நாற்காலி தலைவரோடு மெல்ல மெல்ல எழும்பியது. கீழே உட்கார்ந்திருந்த இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"துணை முதலமைச்சர் பதவி," என்றார் வாளித் தலைவி மெதுவாக.

"அதுவும் தந்தாச்சு," என்றார் சீப்புக்காரர்.

மணி நாலேகால். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொடுத்துவிட்டதால் முடிவு தொடங்கிய இடத்திலேயே நின்றது. தெருவில் இரண்டாவது பூந்தொட்டியும் போனது.

"போதும்!" என்றார் டாக்டரம்மா. கையுறையை உருவி மேஜையில் போட்டார். "இனிமே ஐயா சொல்றதுக்கு நான்தான் அர்த்தம் சொல்வேன். இந்த வாயை எனக்குத்தான் தெரியும். வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

அந்தக் குரலுக்கு இருவரும் அடங்கினார்கள். அப்போது கதவு கொஞ்சமாகத் திறந்தது. சூளைக்காரி எட்டிப் பார்த்தாள். கன்னம் இன்னும் பெருத்திருந்தது.

"டாக்டரம்மா, கடைசி பஸ் ஆறு மணிக்கு. எனக்குப் பார்ப்பீங்களா, இல்ல நாளைக்கு வரட்டுமா?"

நாளைக்கு என்றால் மறுபடியும் மூன்று பஸ். டாக்டரம்மா அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உயரத்தில் படுத்திருந்தவரைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக மனு எழுதி எழுதிப் பதில் வராத ஒரு விஷயம் அவர் தொண்டை வரை வந்து நின்றது.

"உட்காரும்மா. அஞ்சு மணிக்கு உன்னைப் பார்த்துடறேன்," என்றார். பிறகு திரும்பி, "ஐயாவுக்கு இன்னொரு நிபந்தனை இருக்கு," என்றார்.

தலைவரின் கண்கள் அகலமாகின.

"ஒவ்வொரு வட்டத்து அரசு ஆஸ்பத்திரியிலயும் ஒரு பல் டாக்டர். மூணு மாசத்துக்குள்ள."

"ஊஹும்! ஊஹும்!" தலைவர் தலையைப் பலமாக ஆட்டினார்.

"மூணு மாசம் ரொம்ப ஜாஸ்தியாம். ரெண்டு மாசங்கிறார்."

வாளித் தலைவி எழுந்துவிட்டார். "பல்லுக்கா? இதென்ன விளையாட்டு? அண்ணே, வேணும்னா அஞ்சாவது மந்திரி தர்றேன். முழுசா அஞ்சு! ஆனா இந்தப் பல்லு விவகாரமெல்லாம் என்னால முடியாது."

"ஆ! ஆஆ! ஆஆஆ!" தலைவர் இரண்டு கைகளையும் வாளித் தலைவியை நோக்கி நீட்டிக்கொண்டு நாற்காலியை விட்டு எழப் பார்த்தார். டாக்டரம்மா தோளைப் பிடித்து அழுத்தி, மறுபடியும் சாய்த்தார்.

"பார்த்தீங்களா, ஐயாவுக்கு எவ்வளவு கோபம் வருது! அஞ்சு மந்திரியை வச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்? ஏழைகளோட பல்லுதான் அவருக்கு முக்கியம்."

"அப்ப அவரே பல்லைப் பிடிச்சுக்கிட்டு இருக்கட்டும்!" வாளித் தலைவி விறுவிறுவென்று வெளியேறினார். கார்க் கதவு அறையும் சத்தம் கேட்டது. தலைவரின் நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

"நான் தர்றேன்!" என்று சீப்புக்காரர் குதித்து எழுந்தார். "ரெண்டு மாசத்துல ஊருக்கு ஒரு பல் டாக்டர்! எங்கே பேப்பர்?"

கைக்கு அகப்பட்டது மருந்துச் சீட்டுதான். அதில் மருந்து, வேளை, நாள் என்று மூன்று கட்டம் அச்சடித்திருந்தது. சீப்புக்காரர் மருந்து என்ற கட்டத்தில் துணை முதலமைச்சர், நீர்ப்பாசனம், மந்திரிகள் நாலு, பல் டாக்டர்கள் என்று வரிசையாக எழுதினார். நாள் என்ற கட்டத்தில் 'ஐந்து ஆண்டு' என்று எழுதினார். வேளைக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் 'நல்ல வேளை' என்று போட்டார்.

தலைவர் பேனாவை வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பது. இன்னொரு தேர்தல் வந்தால் ஏழு, பூஜ்யமாகவும் ஆகலாம். ஏதோ சொல்ல வந்தவர் போல வாய் திறந்தது, மறுபடியும் மூடிக்கொண்டது. கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒரே கொண்டாட்டம். சீப்புக்காரர் டாக்டரம்மாவை வாசலுக்கே அழைத்துவந்து, "இந்த ஆட்சியை அமைச்சுக் கொடுத்தது இவங்கதான்!" என்று கேமராக்களுக்கு முன்னால் கைகூப்பினார். பூந்தொட்டியை உடைத்தவர்களே கைதட்டினார்கள். பூட்டுக் கட்சித் தலைவர் பல்லைப் பிடுங்கிக்கொள்ளாமலே காரில் ஏறினார். ஏறும்போது டாக்டரம்மாவைப் பார்த்தாரே ஒரு பார்வை! நன்றிப் பெருக்கு என்று டாக்டரம்மா எடுத்துக்கொண்டார்.

ஐந்து அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஆளுநர் மாளிகையில் மருந்துச் சீட்டு சேர்ந்தது. பதினெட்டு பேர் மந்திரிசபை; சீப்புக்குப் பதினாலு, பூட்டுக்கு நாலு. கணவர் மறுபடியும் போன் செய்தார்.

"செய்தியில முதல் வரியே பல் டாக்டர் நியமனம்தான்! நிஜமாவே நீயா பண்ணினே?"

"நான்தான்," என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது.

நாற்காலியில் இப்போது சூளைக்காரி உட்கார்ந்திருந்தாள். "எங்க ஊருக்கும் டாக்டர் வருவாங்களாம்மா?" என்று வீங்கிய கன்னத்தோடு கேட்டாள்.

"ரெண்டே மாசத்துல!" டாக்டரம்மா புதுக் கையுறையை மாட்டிக்கொண்டார். "நர்ஸக்கா, அந்த ஒரு ஊசி மட்டும் இல்லேன்னா இன்னிக்கு இந்த மாகாணத்துக்கு ஆட்சியே கிடையாது. இவளுக்கும் அதே மருந்தையே போடுவோம், எடுங்க."

நர்ஸக்கா அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"அது இவளுக்குக் கேட்காதும்மா. 'எனக்கு வெறும் தண்ணியை ஏத்திக் கொடு, டாக்டர்கிட்ட மூச்சு விடாதே'ன்னு ஐயா வந்ததுமே என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டாரு. ஊசின்னா பயம் போலன்னு, நானும் தண்ணியைத்தான் ஏத்திக் கொடுத்தேன்!"