கலோரிச் செடியும் என் கட்டைவிரலும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலமாக இருக்கிறோம் என்றுதான் கடிதத்தைத் தொடங்கவேண்டும், தொடங்கிவிட்டேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் படித்து முடித்தபின் நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். அங்கு நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார், அதுவும் வீட்டுக்கு எழுதாமல் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் இந்தப் பக்கம் உங்கள் மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பக்கம் என் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் தனியாகப் பேசிக்கொள்ளத் தபால்காரரை விட்டால் இன்று வேறு கதியில்லை.

விஷயம் இதுதான். போன தடவை வந்திருந்தபோது என் போனில் ஒரு சாப்பாட்டுக் கணக்கு ஆப் ஏற்றிக் கொடுத்தீர்களே, அதைப் பற்றியது. அன்றைக்கு என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மாடிப்படியில் என்னோடு ஏறி வந்தீர்கள். நான் பாதிப் படியில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை வாசிப்பதுபோல மூச்சு வாங்கிக்கொண்டேன். அதைக் கவனித்தீர்கள். அந்தச் சுவரில் நோட்டீஸே இல்லை என்பதையும் கவனித்தீர்கள். என் போனை வாங்கி, ஆப்பை ஏற்றி, "மாமா, சாப்பிடறதை எல்லாம் போட்டோ எடுங்க, மத்ததை அது பாத்துக்கும்" என்றீர்கள். எடை குறையாவிட்டால் முழங்கால் என்னைக் கேட்காமலே ராஜினாமா செய்துவிடும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அடுத்த முறை நீங்கள் வரும்போது அந்தப் படியை நிற்காமல் ஏறிக் காட்டுகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தேன். மனப்பூர்வமாகத்தான் கொடுத்தேன்.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. அந்த ஆப்பில் ஒரு சின்னச் செடி இருக்கிறதல்லவா, ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டைப் பதிந்தால் ஒரு இலை விடும், மறந்தால் தலையைத் தொங்கப் போடும். எனக்கு அந்தச் செடிமேல் பாசமே வந்துவிட்டது. கடையில் வாடிக்கையாளர் எழுத்துப் பலகையைப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்கும்போதுகூட மெல்லப் போனை எடுத்து அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். ஆனால் பாருங்கள், அந்த வாரக் கடைசியில், ஆப்பில் என் கணக்கைத் தன் போனிலிருந்தே பார்த்துவந்த என் மகள் போன் செய்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா, அம்மா பக்கத்துல இல்லையே" என்றாள். இல்லை என்றேன். "காலை, மத்தியானம், ராத்திரி, மூணு வேளையும் சாசேஜ் சாப்பிடறீங்களே, எங்கேப்பா வாங்கறீங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறியை அரைத்துத் தோலுக்குள் அடைத்து விற்கிறார்களே, அந்த வஸ்துவை நான் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேனே தவிர வாயில் வைத்ததில்லை. அப்புறம்தான் விளங்கியது. நான் தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் போட்டோ எடுக்கிறேன். தட்டின் ஓரத்தில் என் கட்டைவிரல் விழுகிறது. ஆப் அதைச் சாசேஜ் என்று எழுதிக்கொள்கிறது. பழத்தைப் பிடித்து எடுத்த ஒரு படத்தில் அஞ்சு விரலும் விழுந்து, அன்றைக்கு என் கணக்கு ஒரு குஸ்தி வீரனின் கணக்கைத் தாண்டியிருந்தது.

இதை மகளிடம் விளக்கினேன். சிரித்தாள். ஆனால் அதற்குள் அவள் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. உங்க மாமியாரைப் பத்தி உங்களுக்குத் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேக்கல. மறுநாள் மத்தியானம் கடைக்கு நேரா வந்தா. கல்யாணமான நாள்லேர்ந்து மொத்தமே நாலஞ்சு தடவைதான் அவ அந்தப் படி ஏறியிருப்பா. வந்தவ, ஒரு வாடிக்கையாளர் நாற்காலியில உட்காந்திருக்கும்போதே, ஃப்ரேம் வச்சிருக்கிற டிராயரை ஒண்ணொண்ணா இழுத்துப் பாத்தா. கடைசி டிராயர்ல ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. அது என்னுது இல்ல, மாப்பிள்ளை. பக்கத்துல வாச்சு ரிப்பேர் கடை வச்சிருக்காரே, அவருடையது. தனியா டயட் இருந்தா உற்சாகம் வராது, கூட ஒரு ஆள் இருந்தாத்தான் நிலைக்கும்னு அந்த ஆப்பே சொல்லிச்சு. அதனால அவரையும் சேத்துவிட்டிருந்தேன். தன் கடையில இருந்தா தின்னுடுவேன்னு அவர்தான் என் டிராயர்ல கொண்டுவந்து வச்சார். உங்க மாமியார் பாக்கெட்டை எடுத்துக்கிட்டு அவர் கடைக்குப் போய், "இது உங்களுதான்னு இவர் சொல்றார்" அப்படின்னா. அந்த மனுஷன் கண்ணுல மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக்கூடக் கழட்டாம, அந்தப் பாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டு, "எங்கேயோ பாத்த மாதிரி இருக்கும்மா, சரியா ஞாபகம் வரல" அப்படிங்கிறார்.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. நான்தான் சும்மா இருக்காம, வீட்டுச் சமையலையும் ஒழுங்கா பதியணும்னு ஆசைப்பட்டேன். அடுப்படிக்குப் போய், "இந்தப் பொரியல்ல எண்ணெய் எத்தனை ஸ்பூன்" அப்படின்னு கேட்டேன். "தேவையான அளவு" அப்படின்னா. ஆப்புல கிராம் இருக்கு, ஸ்பூன் இருக்கு, கப் இருக்கு. தேவையான அளவு இல்ல. "சுமாரா சொல்லேன்" அப்படின்னேன். "கை பாத்து ஊத்தும்" அப்படின்னா. சரின்னு அவ எண்ணெய் ஊத்தும்போது நடுவுல ஒரு கப்பை நீட்டினேன், அளந்துட்டு மறுபடி சட்டியில ஊத்திடலாம்னு. அவ அடுப்பை அணைச்சா. கரண்டியை என் கையில குடுத்தா. "இத்தனை வருஷமா கணக்கில்லாம போட்டேன், கணக்கில்லாம சாப்பிட்டீங்க. இனிமே நீங்களே அளந்து நீங்களே ஆக்கிக்கோங்க" அப்படின்னுட்டு ஹால்ல போய் உட்காந்துட்டா. நானும் ரோஷத்துல ஒரு முட்டையை உடைச்சு ஊத்தினேன். முட்டையை எடை போட்டேன், எண்ணெயை எடை போட்டேன், உப்பையும் எடை போட்டேன். எல்லாத்தையும் போன்ல ஏத்தி முடிக்கிறதுக்குள்ள முட்டை கரியாயிடுச்சு. கரிக்கு எவ்வளவு கலோரின்னு தேடினேன். அந்த விவரம் அதுல இல்ல.

இதுக்கு நடுவுல செடி வேற. ஒருநாள் கடையில கூட்டம், மத்தியானம் சாப்பிடவே இல்ல, பதியவும் இல்ல. சாயங்காலம் பாத்தா செடி வாடிப் போய் நிக்குது, கீழே "உங்களை நினைத்து ஏங்குகிறேன்" அப்படின்னு எழுதியிருக்கு. மனசு கேக்கல. சும்மா ஒரு பேருக்கு ரெண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால்னு போட்டுவிட்டேன். செடி நிமிந்துடுச்சு. ஆனா எனக்கு உறுத்தல். வாழ்க்கையில நான் பொய்க் கணக்கு எழுதினதில்ல, மாப்பிள்ளை. அதனால கீழே இறங்கிப் போய், எழுதினதை எல்லாம் வாங்கிச் சாப்பிட்டுக் கணக்கை நேர் பண்ணினேன். அப்புறம் வீட்டுக்குப் போனா, உங்க மாமியார் கோபம் தணிஞ்சு சமைச்சு வச்சிருந்தா. அதையும் சாப்பிட்டேன். அதைப் பதிஞ்சதும் ஆப் எனக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பிச்சு.

அந்த எச்சரிக்கைக்குப் பயந்து அடுத்த வாரம் வாயைக் கட்டினேன். வாச்சுக்காரரும் நானும் போட்டி வச்சுக்கிட்டோம். காலையில ஒரு முட்டை, மத்தியானம் வெள்ளரிக்காய், அவ்வளவுதான். பசியில அவர் ஒரு கடிகாரத்தோட சின்ன முள்ளை இன்னொரு கடிகாரத்துல மாட்டி அனுப்பிட்டார். நான் அவரைப் பாத்துச் சிரிச்சேன். சிரிச்சு முடிக்கல, லென்ஸ் செய்யற பட்டறையிலேர்ந்து போன். "சார், ஒரு டீச்சரம்மாவுக்குக் கண்ணாடி எழுதியிருக்கீங்க, பவர் முந்நூத்தி இருபதுன்னு போட்டிருக்கு" அப்படிங்கிறான். நான் அந்தக் கட்டத்துல எழுதினது என்னோட முந்தின ராத்திரிச் சாப்பாட்டுக் கலோரிக் கணக்கு. பவர் போடற இடத்துல கை தானா எழுதியிருக்கு. "செய்யச் சொன்னா செஞ்சிடலாம் சார், ஆனா அந்தம்மா மூக்கு தாங்குமான்னு பாத்துக்கோங்க" அப்படின்னான். நல்லவேளை, கேட்டான். டீச்சரம்மாவுக்கு வெறும் ஒண்ணரைதான்.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம். நான் இந்தக் கடிதம் எழுத உட்காந்ததுக்குக் காரணம் வேற.

ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள்ள முடிச்சாத்தான் இலை விடும்னு அந்த ஆப் எனக்குன்னு ஒரு புது விதி போட்டுச்சு. நான் கடையை அடைக்கவே எட்டாகும். அதனால டப்பாவுல எடுத்துட்டுப் போய் ஆறரைக்கே கடையில சாப்பிட ஆரம்பிச்சேன். வீட்டுக்கு வந்து, உங்க மாமியார் சாப்பிடும்போது எதிர்ல உட்காந்து வெந்நீர் குடிப்பேன். முதல் ரெண்டு நாள் அவ ஏதோ பேசினா. அப்புறம், "நீங்க இப்படி எதிர்ல உட்காந்து பாத்தா பரீட்சை எழுதற மாதிரி இருக்கு" அப்படின்னா. சரின்னு ஹாலுக்குப் போயிட்டேன். நேத்து எதுக்கோ உள்ளே போனேன். அவ சமையல் மேடை ஓரமா நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்கிட்டிருந்தா. மேஜையில தட்டுகூட வைக்கல. விளக்கு ஒண்ணுதான் போட்டிருந்தா. எனக்கு என்னமோ பண்ணிச்சு, மாப்பிள்ளை. பொண்ணு கல்யாணமாகிப் போனதுக்கப்புறம் அந்த வீட்டுல ரெண்டு பேரும் சேந்து பண்றதுன்னு மிச்சம் இருந்தது ராத்திரிச் சாப்பாடு ஒண்ணுதான். அதையும் ஒரு செடிக்குக் குடுத்துட்டேன்.

ஒரு தட்டை எடுத்துக்கிட்டு நானும் அவ பக்கத்துல போய் நின்னேன்.

"மணி எட்டரை" அப்படின்னா.

"தெரியும்."

"போட்டோ எடுக்கலையா?"

"ஆறிடும். போடு."

போட்டா. கணக்கில்லாமத்தான் போட்டா. ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே சாப்பிட்டோம். வாச்சுக்காரர் பிஸ்கட்டைத் திருப்பிப் பாத்த கதையை அவ நடிச்சுக் காட்டினா. ரொம்ப நாளுக்கு அப்புறம் எனக்குப் புரையேறிச்சு. போனைப் பாக்கவே இல்ல. செடி செத்திருக்கும். போகட்டும்.

ஆகவே மாப்பிள்ளை அவர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அந்த ஆப்பிலிருந்து என்னைக் கௌரவமாக நீக்கிவிட வேண்டும். அப்பா பாதியில் விட்டுவிட்டார் என்று மகள் நினைக்கக் கூடாது. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றோ, கம்பெனிக்காரர்களே கடையை மூடிவிட்டார்கள் என்றோ, உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்ளுங்கள். படி ஏறும் வாக்கை நான் மறக்கவில்லை. தினமும் ஏறி இறங்கிப் பழகுகிறேன். நோட்டீஸ் வாசிக்கும் இடம் இப்போது இரண்டு படி மேலே போயிருக்கிறது. உங்களுக்கும் மகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உங்கள் அம்மா அப்பாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும் அன்பையும் தெரிவியுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால், இன்று காலை உங்கள் மாமியாரிடம், "அந்த ஆப்பை விட்டுட்டேன், இனிமே உன்கூடத்தான் சாப்பாடு" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "யாரைக் கேட்டு விட்டீங்க" என்றாள். உள்ளே போய்த் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். மாப்பிள்ளை, ஒரு மாசமாக அவளும் அதே ஆப்பில் இருக்கிறாள். சேர்த்துவிட்டது உங்கள் அம்மாவாம். இரண்டு சம்பந்தியம்மாக்களும் தனியாக ஒரு குழு வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டிருக்கிறார்கள். அவள் செடியில் பூ வேறு விட்டிருக்கிறது. அப்படியானால் எண்ணெய் அளக்கப் போனபோது ஏன் கரண்டியைக் கொடுத்தாய் என்று கேட்டேன். "நான் ஏற்கெனவே அளந்து வச்சதைத்தான் ஊத்தினேன், நீங்க கண்டுபிடிச்சிடுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்கிறாள். சரி, சமையல் மேடை ஓரமாகத் தனியாக நின்று சாப்பிட்டாயே, அது? "நின்னுக்கிட்டு சாப்பிட்டா கலோரி கொஞ்சம் கூடுதலாக் கரையுமாம், சம்பந்தியம்மா சொன்னாங்க" என்கிறாள்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து அந்தக் குழுவில் ஜோடிப் போட்டியாம். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், அந்தப் பக்கம் உங்கள் அம்மாவும் அப்பாவும். என் பெயரைக் கொடுத்து நாலு நாள் ஆகிறது என்கிறாள். ஆகையால் மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஆப்பில் என்னை அப்படியே விட்டுவையுங்கள். இது போட்டி என்று உங்கள் அப்பாவுக்கு இன்னும் தெரியாது என்று கேள்வி. தெரியாமலே இருக்கட்டும். அவர் ராத்திரியில் என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பதை மட்டும் பேச்சுவாக்கில் விசாரித்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள். கடைக்கே எழுதுங்கள்.