அலமாரியில் இடமில்லாத சாமி

“யார் இந்த மீசைக்காரர்?”

செல்லப்பாக்கியம் கேட்ட கேள்வியில் விபூதித் தட்டே அதிர்ந்தது. சாமி அலமாரிக்குள், முருகனுக்கும் சரஸ்வதிக்கும் நடுவே, நேற்றுவரை இல்லாத ஒருவர் அரிவாளோடு உட்கார்ந்திருந்தார். போதாக்குறைக்குச் சந்தனக் கிண்ணத்தில் ஒரு சுருட்டு சாய்ந்து கிடந்தது.

“முனீஸ்வரர், மாமி,” என்றாள் பிரேமளா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. “இன்னையிலேருந்து இவர்தான் என் இஷ்ட தெய்வம்.”

“இந்த வீட்டில எல்லாருக்கும் முருகன்தான், பிள்ளை.”

“முருகன் உங்க குலதெய்வம். பதினெட்டு வருஷமா நானும் கும்பிடறேன், ஒரு குறை வச்சதில்ல. ஆனா இஷ்ட தெய்வம் என் இஷ்டம். அதுவும் உங்க இஷ்டம்தான்னா, அதுக்கு வேற பேரு வைங்க.”

செல்லப்பாக்கியம் அந்த அரிவாளை மேலும் கீழும் பார்த்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம் அது. அந்த வீட்டு அலமாரியில் வேல் உண்டு, வீணை உண்டு. அரிவாள் நுழைந்தது இதுதான் முதல் தடவை.

“உன்ட மாமனார் பெக்கோக் தோட்டத்து ஆஸ்பத்திரியில வேலை பார்த்தப்ப, அங்க இருந்த முனி கோயில் பக்கம் என்னைத் தலை வச்சும் படுக்க விடேல்ல. தெரியுமா?”

“தெரியும் மாமி. அதனாலதான் அவரை இங்கேயே கூட்டிட்டு வந்துட்டேன்.”

“அது சரி,” என்று செல்லப்பாக்கியம் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “சுருட்டை இப்படியா வைக்கிறது? பத்த வைக்காம வச்சா, அவர் என்ன, மென்று தின்பாரா?”

கிண்டலைப் பார், என்று பல்லைக் கடித்தபடி பிரேமளா மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள்.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, உலு திராமிலிருந்து பாசிர் கூடாங் கெமிக்கல் ஃபேக்டரிக்கு மழையில் போய்க்கொண்டிருந்தாள் பிரேமளா. எதிரே ஒரு டாங்கர் லாரி. வளைவில் மோட்டார் வழுக்கி ஒரு பக்கம் போனது, இவள் ஒரு பக்கம் போனாள். கண்ணைத் திறந்தால், சாலையோர மரத்தடி முனீஸ்வரர் சிலையின் காலடியில் கிடந்தாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. யாரோ சற்று முன்புதான் வைத்துவிட்டுப் போயிருந்த சுருட்டு அவர் காலடியில் புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகை மூக்கில் ஏறி இரண்டு தும்மல் போட்ட பிறகுதான், தான் உயிரோடிருப்பதே அவளுக்கு உறுதியானது.

அங்கேயே கைப்பேசியில் அவரைப் படமெடுத்துக்கொண்டாள். அதை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்த படக்கடைக்காரன்தான், வழக்கமான கைப்பழக்கத்தில், முனியின் கன்னத்தையும் கல்யாணப் பெண் கன்னம் மாதிரி ரோஜா நிறமாக்கிவிட்டான். மீசையில் மட்டும் கை வைக்கவில்லை. பயந்திருப்பான்.

மாமியாரோடு மோதிய அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது முனி அலமாரியில் இல்லை. ஃபிரிட்ஜ் மேல் இருந்தார்.

“சமாதானம் பண்ணிட்டேன்லா!” என்றான் கணவன் ஸ்ரீதரன் பெருமையாக. அவனுக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கை, அம்மாவும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் கத்தக்கூடாது. “வீட்டுக்குள்ளதான் இருக்காரு. அலமாரியிலதான் இல்ல. ரெண்டு பேருக்கும் வெற்றி.”

அந்த வெற்றி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. “தலைக்கு மேல ஒருத்தர் அரிவாளோட இருக்க, நான் எப்படித் தயிர் எடுக்கிறது?” என்று செல்லப்பாக்கியம் ஃபிரிட்ஜைத் தொட மறுத்தாள். வீட்டில் மோர் இல்லை, குழம்பு இல்லை. ஸ்ரீதரன் மூன்று வேளையும் கடை ரொட்டி சானாய் சாப்பிட்டு நெஞ்செரிச்சலில் படுத்தான்.

“வெளியில வச்சிடுவோமே, பிரேமா? அவரு காவல் தெய்வம்தானே?” என்றான் வயிற்றைத் தடவிக்கொண்டு.

“வெளியிலயா? சரி. ஆனா ஒளிச்சு வைக்க மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவளே சுத்தியலை எடுத்தாள். கேட்டை ஒட்டிய ரம்புத்தான் மரத்தடியில் நாலு கம்பு, மேலே ஒரு தகரம், முன்னால் ஒரு சூலம். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி முனி உட்கார்ந்தார்.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுச் சீனப் பெண் ஆ மோய். மூன்று நாளாக நாயைக் காணாமல் தெருத்தெருவாக அழுதுகொண்டிருந்தவள், மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி முனி முன்னால் நட்டுக் கும்பிட்டாள். சாயங்காலமே நாய் வந்துவிட்டது. முனிக்கு வைத்த அவித்த முட்டையைத் தின்னத்தான் அது வந்தது என்று ஸ்ரீதரன் சொன்னான். அதை யார் கேட்டார்கள்?

“டத்தோ பாகுஸ்லா, அக்கா! பாகுஸ்!” என்று ஆ மோய் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவள் பேசுகிற மலாயில் டத்தோ என்றால் காவல் சாமி, பாகுஸ் என்றால் பிரமாதம். மறுநாளிலிருந்து முனிக்கு ஆரஞ்சுப் பழமும் சர்க்கரை தூக்கலாக, பால் விடாத கோப்பி ஓவும் கிடைத்தன.

ஆ மோய் சொன்னது தெரு முழுக்கப் பரவியது. தெரு சொன்னது ஃபேக்டரிக்குப் போனது. இரண்டே வாரத்தில் ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் வீட்டு வாசலில் நின்று, டிரைவர் இறங்கி, கும்பிட்டு, ஹாரன் அடித்துவிட்டுத்தான் போனது. பின்னாலேயே மோட்டார்கள். மோட்டார்களுக்கு எலுமிச்சம்பழம்.

“அலமாக்! என் காரை வெளிய எடுக்க முடியல,” என்று புலம்பினான் ஸ்ரீதரன்.

“அம்மாவும் மகனும் சேர்ந்துதானே வெளிய வச்சீங்க? அலமாரிக்குள்ள இருந்திருந்தா இவ்வளவு பேருக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்றாள் பிரேமளா.

செல்லப்பாக்கியம் உள்ளே போய்க் கொழுந்தனாருக்குப் போன் போட்டாள்.

கொழுந்தனார் ஐயாத்துரை சாதாரண ஆள் இல்லை. பிள்ளையார் கோயில் தலைவர். எழுபத்து நாலு வயதிலும் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் பேனா. அவர் வந்த நேரம் வாசலில் பஸ் நின்றது. காரை முச்சந்தியிலேயே விட்டுவிட்டு வேகாத வெயிலில் நடந்துவந்தவரை, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவன் வழிமறித்துக் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்தான்.

“பூசாரி ஐயா, நம்ம மோட்டாருக்கு ஒரு மந்திரம் போட்டுக் குடுங்கய்யா!”

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. முகமும் அதே நிறத்தில் இருந்தது.

“அண்ணி! இது சைவக் குடும்பமா, இல்லை மோட்டார் பட்டறையா?”

“நீங்களே அவளிட்ட கேளுங்கோ, தம்பி.”

“மாமா, உட்காருங்க, தண்ணி குடிங்க,” என்றாள் பிரேமளா. “நான் விழுந்தப்ப ‘முருகா’ன்னுதான் கத்தினேன். ‘பிள்ளையாரே’ன்னும் கத்தினேன். கூப்பிட்டவங்க யாரும் வரல. கூப்பிடாதவர் தூக்கி விட்டாரு. அவரைக் கும்பிடாம வேற யாரைக் கும்பிட?”

ஐயாத்துரை கோயில் மேடையில் பேசுகிறவர்போல் தொண்டையைச் செருமினார். “பிள்ளை, எல்லாம் ஒரே பரம்பொருள். முருகன்தான் முனி ரூபத்தில வந்து காப்பாத்தினார் எண்டு வச்சுக்கொள்.”

“அப்ப முருகனுக்கே அந்த ரூபம் பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்ன மாமா?”

ஸ்ரீதரன் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறினான். ஐயாத்துரை எலுமிச்சம்பழத்தை மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

“வாய்ப் பேச்சு வேண்டாம். வெள்ளிக்கிழமை பிள்ளையார் சந்நிதியில பூக் கட்டிப் பார்ப்போம். ரெண்டு பொட்டலம். ஒண்டில வெள்ளைப் பூ, ஒண்டில சிவப்புப் பூ. வெள்ளை வந்தா உன்ட முனி திரும்ப அலமாரிக்கு வரட்டும், நான் வாய் திறக்க மாட்டன். சிவப்பு வந்தா, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுடு. பிறகு இந்த வீட்டில அவர் பேச்சே வரக்கூடாது.”

“சம்மதம்,” என்றாள் பிரேமளா.

“பூவை நான் கட்டுவிச்சுக் கொண்டு வாறன். கோயில் வாசல் பூக்கார ராசம்மாட்ட சொன்னாப் போதும்,” என்றாள் செல்லப்பாக்கியம், கண்ணாடியைத் துடைத்தபடி, மிகச் சாதாரணமாக.

பிரேமளாவுக்குச் சுரீரென்றது. அறைக்குள் போனதும் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்புதான் இருக்கப்போகுது. பாருங்க.”

“சீச்சீ! அம்மா அப்படிச் செய்வாங்களா?”

“உங்க அம்மா பசார்ல தக்காளி வாங்கறதைப் பார்த்திருக்கீங்களா? கூடையைக் கவுத்துத் தனக்கு வேணும்கிறதைத்தான் எடுப்பாங்க. பூவை மட்டும் விட்டுடுவாங்களா?”

“அப்ப நீ முந்திப் போய் ராசம்மாகிட்ட வெள்ளையே கட்டச் சொல்லிடேன்,” என்றான் சமாதானப்பிரியன்.

“மாட்டேன். திருட்டுத்தனமா ஜெயிச்சுக் கொண்டுவந்து வைக்கற அளவுக்கு என் சாமி கெட்டுப் போகல. நேராப் போறேன். ஒண்ணைப் பிரிச்சதும் ரெண்டாவதையும் எல்லார் முன்னாலயும் பிரிக்கச் சொல்வேன். ரெண்டும் சிவப்பா இருந்தா, அந்த வளைவுலயே ஒரு கொட்டகை போட்டு முனிக்குப் பக்கத்துல உட்கார்ந்துடுவேன். உங்களுக்கு மோர் வேணும்னா அங்க வாங்க.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பிள்ளையார் கோயிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஷிப்டு முடிந்த ஃபேக்டரி ஆட்கள் பஸ்ஸோடு வந்திருந்தார்கள். ஆ மோய் நாயை வெளியே கட்டிவிட்டு முதல் வரிசையில் நின்றாள்.

வாழை இலையில் சுற்றிய இரண்டு பொட்டலங்களைச் செல்லப்பாக்கியம் கொண்டுவந்து கொடுத்தாள். குருக்கள் வாங்கிப் பிள்ளையார் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார்.

“ஒரு நிபந்தனை,” என்றாள் பிரேமளா சத்தமாக. “முதல்ல எடுக்கறதுதான் கணக்கு. ஆனா முடிவு தெரிஞ்சதும் ரெண்டாவதையும் பிரிச்சுக் காட்டணும்.”

கூட்டம் சலசலத்தது. செல்லப்பாக்கியம் மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் பயத்தைக் கண்டுவிட்டதாகப் பிரேமளா நினைத்தாள். மாட்டிக்கிட்டீங்க மாமி!

அர்ச்சனைக்கு வந்திருந்த ஷர்மினி என்ற ஐந்து வயதுக் குழந்தையைக் குருக்கள் அழைத்தார். குழந்தை ஒன்றைத் தொட்டது, கையை எடுத்தது, மற்றதை எடுத்து நீட்டியது. குருக்கள் பிரித்தார். பிரேமளா வாயைத் திறந்தாள், ‘அடுத்ததையும் பிரிங்க’ என்று கத்துவதற்குத் தயாராக.

வெள்ளை.

நந்தியாவட்டை, தும்பை மாதிரி வெளேரென்று சிரித்தது.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. பஸ் டிரைவர் வெளியே ஓடிப்போய் ஹாரனை அடித்தான். நாய் குரைத்தது. “பாகுஸ்!” என்று ஆ மோய் கை தட்டினாள். பிரேமளாவின் கண்ணில் குபுக்கென்று நீர் வந்தது. மாமியார் செய்த சூழ்ச்சியையும் மீறி என் முனி பூவையே நிறம் மாற்றிவிட்டாரே!

“நில்லுங்கோ!” ஐயாத்துரை கையை உயர்த்தினார். “அவளே கேட்டாள்தானே? ரெண்டாவதையும் பிரியுங்கோ.”

அவர் கை பொட்டலத்தைத் தொடும் முன், செல்லப்பாக்கியத்தின் கை அதைக் கவ்விக்கொண்டது. அறுபத்தொன்பது வயதுக்கு அப்படியொரு வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

“பிள்ளையார் ஒருக்கா சொன்னது போதாதா, தம்பி? கோயில் தலைவர் நீங்களே சாமியைச் சந்தேகப்பட்டா, மற்றச் சனம் என்ன நினைக்கும்?”

“அதில்லை அண்ணி, முறையெண்டு ஒண்டு…”

“மாமி சொல்றதுதான் சரி!” என்று பாய்ந்து வந்தாள் பிரேமளா, தன் நிபந்தனையை அந்தக் கணமே மறந்து. “சாமி வாக்கை ரெண்டு தரம் கேக்கக்கூடாது மாமா. பாவம்.”

மாமியாரும் மருமகளும் ஒரு பக்கம் நின்றதை ஸ்ரீதரன் பதினெட்டு வருடத்தில் முதன்முறையாகப் பார்த்தான். பயந்துபோய் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டான். செல்லப்பாக்கியம் இரண்டாவது பொட்டலத்தை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடுகடுவென்ற முகத்தோடு காரில் போய் உட்கார்ந்தாள்.

“தோத்தாலும் மாமிக்கு ரோஷம் குறையல பாருங்க,” என்றாள் பிரேமளா கணவனிடம் பெருமிதமாக.

முனிக்கு ஒரு பெரிய மாலை வாங்க வேண்டும் என்று கோயில் வாசலுக்கு ஓடினாள். பூக்கூடையை மோட்டாரின் பின்னால் கட்டிக்கொண்டிருந்த ராசம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, ரொம்ப நன்றிக்கா! நீங்க கட்டின பூவுலதான் என் முனி ஜெயிச்சாரு!”

ராசம்மா அவளை விநோதமாகப் பார்த்தாள்.

“எனக்கு எதுக்கும்மா நன்றி? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வைக்கச் சொன்னது உங்க மாமியார்லா! இருவது வருசமா அந்த வளைவு முனிக்கு வெள்ளிக்கெழம தவறாம என் கூடையில சுருட்டு குடுத்தனுப்பறவங்களுக்கு, அவரை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர சண்டைக்கார மருமக ஒருத்தி வேணாமா?”